நோயாளரைக் காணாத மனநல முனைவர்கள்

பௌர்ணமி கழிந்த மறுநாட் காலையில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நடந்து பார்த்தோர் அறிவர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் இரவெல்லாம் இலட்சக்கணக்கான கால்கள் நடந்து ஓய்ந்திருக்கும். கூட்டம் பேருந்தேறிப் போனபின்னும் போகாமல் எஞ்சியிருப்போர் சிலர் உண்டு. காவியுடுத்தோர் பலர், கந்தலுடுத்தோர் சிலர். அன்னதான வரிசையில் அமைதியாக நிற்பவர் ஒருவர். வரிசை எதுவென்றே அறியாமல், யமலிங்கத்திற்கு எதிரே வெயிலில் நின்று, தமக்குத் தாமே பேசிக்கொண்டிருப்பவர் மற்றொருவர். முன்னவர் துறவி, பின்னவர் மனநோயாளர் என்று எளிதாகச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். உண்மை நேர்மாறாகவும் இருக்கலாமே! இதைப் பிரித்தறியும் கண் யாருக்கு உண்டு? அக்கண்ணுடையோரை உருவாக்குவதாகச் சொல்லும் கல்லூரிகள் தம் மாணவரை எவ்விடத்திற்கு அனுப்பிப் பயிற்றுகின்றன?

இக்கேள்வி நம் மனத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் பங்கைச் சேர்ந்த பெண்ணொருத்தி. தந்தை அரிசி ஆலையில் கணக்கெழுதுபவர். உளவியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்டம் வரை படித்து, இம்மாவட்டத்திலேயே பணியாற்ற வேண்டும் என்பது அவள் ஆசை. பட்டத்திற்கு உள்ளுறைப் பயிற்சி கட்டாயம் என்றார்கள். எங்கே செல்வது என்று கல்லூரி சொல்லவில்லை. நீயே தேடிக்கொள் என்றது. அவள் தேடிக் கண்ட நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆறாயிரம் ரூபாய் கட்டணம், பதினைந்து நாள், அதில் பாதி நாள் கணினித் திரையில் விரிவுரை. ஒருநாள் மட்டும் நோயாளர் விடுதியின் வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்க அனுமதித்தார்களாம். முடிவில் 120 மணிநேர மருத்துவப் பயிற்சி பெற்றதாக வண்ணச் சான்றிதழ் ஒன்று வந்து சேர்ந்தது. அதை நம்மிடம் காட்டியபோது அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "ஒரு நோயாளிகிட்டகூட நான் உட்கார்ந்து பேசல சார்" என்றாள்.

இது ஒரு பெண்ணுக்கு நேர்ந்த ஏமாற்றம் மட்டுமன்று. நாளை இவளிடம் அழைத்து வரப்படப் போகும் நோயாளருக்கும் இழைக்கப்படும் அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

மருத்துவம் பயின்றவர் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக வார்டு வார்டாய் அலைந்த பின்னரே தனித்து ஊசி போட உரிமை பெறுகிறார். செவிலியர் படிப்பில் பாதி நாள் கட்டிலருகே கழிகிறது. நம் குருமாணவர்களைக் கூட மெய்யியல் முடித்த கையோடு நாம் பீடத்தில் ஏற்றிவிடுவதில்லை. களப்பணிக்கு அனுப்புகிறோம், பங்குத்தந்தை ஒருவரின் கண்காணிப்பில் வைக்கிறோம், திருத்தொண்டராக்கிப் பார்க்கிறோம். மனிதரின் உடலுக்கும் ஆன்மாவுக்கும் இத்தனை எச்சரிக்கை காட்டும் நாம், மனத்தை மட்டும் நூலறிவு கொண்டோர் கையில் ஒப்படைக்கத் துணிவது எவ்வாறு?

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி, பதிவேட்டில் பெயரில்லாதவர் இத்தொழிலை நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேரப் படிப்பைக் குறிப்பிடுகிறது. ஆராய்ச்சிக்காக வழங்கப்படும் முனைவர் பட்டம் மட்டும் இப்பதிவைப் பெற்றுத் தாராது. வினாத்தாள்களை ஐந்நூறு கல்லூரி மாணவரிடம் நிரப்பி வாங்கி, புள்ளியியல் அட்டவணை இட்டு, ஒரு மனநோயாளரின் முகத்தையும் காணாமலே உளவியலில் முனைவர் ஆகிவிடலாம். ஆராய்ச்சிக்கு அது போதும்; அதில் குறையொன்றுமில்லை. ஆனால் பெயருக்கு முன்னே 'டாக்டர்' என்றும், பலகையில் 'மனநல ஆலோசனை மையம்' என்றும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு உள்ளே நுழையும் ஏழைத் தாய்க்கு இந்த வேறுபாடு எங்ஙனம் தெரியும்?

பட்டங்களின் பெயரோ ஆண்டுக்கொரு விதமாக மாறுகிறது. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நீக்கிற்று. மருத்துவ உளவியலாளர் உருவாகி வந்த முதன்மை வாயில் அதுதான் என்பது பின்னர் நினைவுக்கு வந்தது போலும்; அத்துறைக்கு 2025–26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு அளித்தனர். 2025-இல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் கற்பிப்பதை நிறுத்துமாறு ஆணை வந்தது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். அஞ்சலில் வந்த பட்டம் ஒழிந்தது. அஞ்சலில் வரும் பயிற்சிச் சான்றிதழ் ஒழியவில்லை.

இப்பயிற்சி முறை வந்த வரலாறும் கவனத்திற்குரியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படைவீரர் ஆயிரமாயிரமாய் உடைந்த மனத்தோடு திரும்பியபோது, அவர்களுக்கான அரசு மருத்துவமனைகள் 1946-இல் உளவியல் மாணவரைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியில் சேர்த்தன. 1949-இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் கூடிய மாநாடு, முனைவர் பட்டத்திற்கு ஆராய்ச்சியும் வேண்டும், ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் வேண்டும் என்று வகுத்தது. நம் நாட்டிலும் பெங்களூரில் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம் அடுத்த ஆண்டே மருத்துவமனை வளாகத்தினுள் உளவியல் பட்டயப் படிப்பைத் தொடங்கிற்று. அதுவே பின்னர் நிம்ஹான்ஸ் ஆயிற்று. ஆக, நல்வழி நமக்குப் புதிதன்று.

அமெரிக்காவிலும் பயிற்சியிடங்களுக்குப் பஞ்சம் வந்ததுண்டு. 2012-இல் விண்ணப்பித்த முனைவர் பட்ட மாணவர் நாலாயிரத்துக்கும் மேல். இடங்களோ ஏறத்தாழ 3,200. அப்போது அவர்கள் பயிற்சியைக் கைவிட்டார்களா? இல்லை. அந்நாட்டு உளவியலார் கழகம் முப்பது இலட்சம் டாலர் வரை ஒதுக்கிப் புதிய பயிற்சியிடங்கள் தரம் பெற உதவியது. சில ஆண்டுகளில் விண்ணப்பித்தோரைவிட இடங்கள் மிகுந்தன. நாமோ இடமில்லை என்றால் சான்றிதழை அச்சடித்துக் கொள்கிறோம். காகிதம் மலிவு அல்லவா!

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். 1896 செப்டம்பர் முதல் நாள் மதுரையிலிருந்து பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் இந்நகருக்கு வந்து சேர்ந்தான். பெரிய கோயிலின் பாதாள லிங்கக் குகையில் அமர்ந்தான். பூச்சிகள் கடித்துத் தொடை புண்ணானதையும் அவன் உணரவில்லை. பலரும் பித்தர் என்று எண்ணிய சேஷாத்திரி சுவாமிகளே, பிற சிறுவரின் தொல்லையினின்று அவனைக் காத்தார். அச்சிறுவன் பின்னாளில் ரமண மகரிஷி என உலகறிய விளங்கினார். அன்று அக்குகைக்குள் படிவத்தோடு ஒரு பட்டதாரி இறங்கியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? பேச்சின்மை, அசைவின்மை, தன்னைப் பேணாமை என்று மூன்று கட்டங்களில் குறியிட்டு, நோயின் பெயரையும் எழுதி முடித்திருப்பார். 1994-இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பு, சமய அல்லது ஆன்மிகச் சிக்கல் என்பதை நோயினின்று வேறுபடுத்தித் தனித் தலைப்பில் வைத்தது. நூல் எச்சரித்துவிட்டது. ஆனால் எதிரே இருப்பவர் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறார் என்பதை, பல நாள் அவரருகே அமர்ந்து, மூத்தவர் ஒருவர் திருத்தத் திருத்தக் கற்றவரே சொல்ல முடியும்.

எதிர்ப்புறத் தவறு இதனினும் கொடியது. நோயுற்றவரைச் சித்தர் என்று வணங்கி, நாணயம் போட்டுவிட்டுப் போகிறோம். அவர் மூன்று நாளாக உண்ணவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நாம் மறந்துவிடலாகாது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விதித்துள்ளது. ஏர்வாடியைப் பிற சமயத்தார் ஊர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் திருத்தலங்களின் மண்டபத் தூண்களருகேயும் அத்தகையோர் கட்டுண்டு கிடந்த காட்சியை நம்மில் மூத்தோர் கண்டதுண்டு.

இதனால் கோயிலும் வேண்டாம், வேண்டுதலும் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். சங்கிலியின்றி, அரவணைப்பும் எளிய அன்றாட வேலைகளும் உள்ள அச்சூழலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தன என்று அவர்கள் கண்டனர். கோயிலின் அரவணைப்பை அறிவியல் இகழவில்லை. உட்கார்ந்து அளந்து பார்த்தது. அவ்வாறு உட்காரும் பொறுமையைத்தான் நம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்கிறோம்.

"நோயாளர் என்ன காட்சிப் பொருளா, மாணவர் வந்து பார்த்துப் போக?" என்று கேட்போர் உளர். நேர்மையான கேள்வி. நோயாளரின் இசைவு வேண்டும், இரகசியம் காக்கப்பட வேண்டும், தகுதி பெற்ற மேற்பார்வையாளர் உடனிருக்க வேண்டும். இவை இல்லாத இடத்திற்கு மாணவரை அனுப்பவே கூடாது. ஆனால் மேற்பார்வையில் நேரும் தவறு அன்றே திருத்தப்படும். பயிற்சியின்றிப் பட்டம் பெற்றவர் நாளைக்கு மூடிய அறையில் செய்யும் தவற்றைத் திருத்துவார் யார்?

"ஞானத் தியானங்களில் நம் குருக்கள் ஆற்றுப்படுத்துகிறார்களே, அது போதாதா?" என்பார் வேறு சிலர். இவர்களுக்கு ஆன்டன் பாய்சன் என்ற புரோட்டஸ்டாண்டுப் போதகரை நினைவூட்டுவோம். தாமே மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்து மீண்ட அவர், 1925-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர் சிலரை அழைத்து வந்தார். விரிவுரை கேட்க அன்று. வார்டுகளில் ஏவலராய் உழைக்கவும், நோயாளரின் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும். இறையியல் பயில்வோருக்கே இது வேண்டும் என்று ஒருவர் கண்டு நூறாண்டு ஆயிற்று. நம் நிலையங்களோ இருவாரப் பயிலரங்கம் ஒன்றை நடத்தி, ஆற்றுப்படுத்துநர் என்று பட்டம் சூட்டி அனுப்புகின்றன.

கடைசியில் பணம் என்கிறார்கள். வெள்ளிவிழாவுக்கு நுழைவாயில் வளைவு எழுப்பவும் பொன்விழாவுக்குக் கலையரங்கம் கட்டவும் கிடைத்த பணம், மேற்பார்வையாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க மட்டும் ஏன் கிடைப்பதில்லை? இதைக் கேட்பதால் சிலர் வருந்தக்கூடும், வருந்தட்டும்.

செய்யத்தக்கது மலையைப் புரட்டும் வேலையன்று. திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 1996-இல் தொடங்கப்பெற்ற மாவட்ட மனநலத் திட்டம், முதற்கட்டத்திலேயே நம் மாநிலத்தில் திருச்சியில் கால்கொண்டு, இன்று எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் வேலூர்ப் பாகாயத்தில், நோயாளரோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துப் பேணும் முறையைப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வரும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. திருச்சபை நடத்தும் கல்லூரிகளில் உளவியல் கற்பிப்பவை ஒன்றுகூடி, ஆண்டுதோறும் நான்கைந்து மாணவரையேனும் இம்மாவட்டத்திற்கு ஆறு மாதம் அனுப்ப அரசிடம் இசைவு கேட்கட்டும். போளூர், செங்கம், ஜமுனாமரத்தூர் என்று மலையடிவாரம் முதல் சவ்வாது மலை வரை அவர்கள் மனநலக் குழுவினரோடு செல்லட்டும். பேயடித்தது, காற்றுப் பட்டது, மனசு சரியில்லை என்று மக்கள் சொல்லும் சொற்களைத் தமிழிலேயே எழுதிப் பழகட்டும். எந்த ஆங்கிலப் பாடநூலிலும் அச்சொற்கள் இல்லை. தங்க அறையைப் பங்கு இல்லம் கொடுக்கலாம். உதவித்தொகையை மறைமாவட்டமும் கல்லூரியும் பகிர்ந்து கொள்ளலாம். மாணவரிடம் கட்டணம் என்று ஒரு காசும் வாங்கலாகாது. எத்தனை மணிநேரம் என்பதை அன்று, எத்தனை நோயாளரோடு, யாருடைய மேற்பார்வையில் என்பதைக் கையொப்பத்தோடு சான்றிதழ் சொல்லட்டும்.

நாம் மேலே குறிப்பிட்ட பெண் இப்போது மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். அந்த வண்ணச் சான்றிதழை இணைப்பதா வேண்டாமா என்று சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் கேட்டாள். இணைக்காவிடில் விண்ணப்பம் முழுமையற்றது என்று திருப்பி அனுப்பப்படும். இணைத்தால், கற்காத ஒன்றைக் கற்றதாகக் கையொப்பமிட வேண்டும். நாம் அவளுக்கு இன்னும் விடை சொல்லவில்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் இம்மாத இறுதி.