கல்லைப் படித்தால் என்ன கிடைக்கும்?

“கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று பாலசமுத்திரத்தில் பெரியவர்கள் கேட்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், அக்கேள்வியை அலட்சியம் செய்ய இயலாது.

ஆயினும் ஒன்று சொல்வேன். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த மாலெட், அந்தமான் கடலில் உறங்கிக் கிடந்த பாரன் தீவு எரிமலையை ஆராய்ந்து 1885இல் நூல் எழுதினார். 1991இல் அம்மலை மீண்டும் தீக் கக்கியபோது, மாறியது எது என்று ஒப்பிட்டுக் காண அந்நூல் இருந்தது.

நம் பழனி மலை எரிமலையன்று. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான சார்னோகைட் பாறையே அதில் பெரும்பகுதி. அத்தகைய பாறையை ஜல்லியாக உடைக்க நம்மிடம் கைகள் உண்டு. படித்தறியவும் நம் வீடுகளிலிருந்தே பிள்ளைகள் வரவேண்டும்.

சோற்றுக்கு வழி தேடுவோம், நண்பர்களே! கூடவே, நூறாண்டு கழித்து ஒருவருக்கு உதவும் குறிப்பையும் எழுதிவைப்போம்.