விளையாட்டிலும் வாரம்!

விளையாடினால் கூலி கிடைக்கும் என்றால் யார்தான் நம்புவார்கள்? பிலிப்பைன்ஸ் நாட்டிலே லட்சக்கணக்கான ஏழை ஜனங்கள் நம்பினார்கள். கொஞ்ச காலம் கூலி கிடைக்கவும் செய்தது. அதற்குப் பிறகு நடந்தது என்ன?

வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மாவிஸ் என்ற கம்பெனி 2018ல் கொண்டுவந்த இணைய விளையாட்டு ஆக்ஸி இன்பினிட்டி. கற்பனைப் பிராணிகளைக் கைபேசியிலே சண்டைக்கு விட வேண்டும். ஜெயித்தால் எஸ்.எல்.பி. என்ற மருந்து கிடைக்கும். வாயில் ஊற்றும் மருந்தல்ல. கணக்கிலே ஏறும் வெறும் எண். ஆனால் அதைச் சந்தையில் விற்றுக் காசாக்கலாம். அன்று களத்தில் இறங்க மூன்று பிராணிகளை வாங்க வேண்டியிருந்தது. 2021 நடுவிலே அவற்றின் விலை பல நூறு டாலர்.

ஒரு வேலையில் இறங்கும்போது எந்த வேலையைக் கைவிடுகிறோமோ, அதில் கிடைத்திருக்கும் வரும்படிதான் இந்த வேலையின் செலவு. பொருளாதாரப் பண்டிதர்கள் இதை 'வாய்ப்புச் செலவு' என்பார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஊரை அடைத்தார்கள். கபனாட்டுவான் நகரிலே மூன்று சக்கர வண்டி ஓட்டியவருக்குச் சவாரி இல்லை. கைவிடுவதற்கு வேலையே இல்லாதவனுக்கு எட்டணா கிடைத்தாலும் லாபம்தான்! ஜனங்கள் திரண்டு வந்ததற்குக் காரணம் இதுதான். விளையாட்டு மோகம் அல்ல.

பிராணி வாங்கப் பணம்? அதற்கும் ஆள் இருந்தார்கள். பிராணியைச் சொந்தமாக வைத்திருப்பவர் 'மானேஜர்'. அதை இரவல் வாங்கி ஆடுகிறவருக்குப் பெயர் 'ஸ்காலர்'. பெயரைப் பாருங்கள், ஏதோ படிக்க உதவித்தொகை கொடுப்பது போல! நாம் அறிந்த பெயர் வாரக் குடியானவன். ஈல்ட் கில்ட் கேம்ஸ் என்ற நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஆடுகிறவருக்கு 70 பங்கு, மானேஜருக்கு 20, நிறுவனத்துக்கு 10. தனி மானேஜர்களில் சிலர் பாதிக்குப் பாதியே எடுத்தார்கள்.

சரி, இந்த மருந்தை வாங்கியவர் யார்? இங்கேதான் சூட்சுமம். புதுப் பிராணிகளை ஈனச் செய்ய மருந்து வேண்டும். வேறு பெரிய உபயோகம் எதுவும் அன்று அதற்கு இல்லை. புதுப் பிராணியை வாங்குகிறவர் புதிதாக வரும் ஆட்டக்காரர். அவரும் மறுநாள் முதல் மருந்து உற்பத்தி செய்யத் தொடங்குவார்! ஒரு பிராணி ஏழு தடவை வரை இனம் பெருக்கலாம். பிராணி பெருகப் பெருக மருந்து குவிந்தது. மொத்த உற்பத்திக்கு உச்சவரம்பே கிடையாது. புது ஆள் வருவது மட்டுப்பட்டதும் சரக்கு தேங்கியது.

2021 ஜூலையில் ஒரு மருந்து 35 சென்ட்டைத் தொட்டது. 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு சென்ட். நாளுக்கு 100 மருந்து எடுக்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது டாலருக்குச் சுமார் 50 பெசோ. முதலில் நாள் வரவு 1,750 பெசோ. பாதி வாரம் போக 875. அன்றைக்கு மணிலா வட்டாரத்தில் குறைந்தபட்ச நாள்கூலி 537 பெசோ. ஆகவே ஆட்டம் மேல்தான். மருந்து ஒரு சென்ட்டானதும் வரவு 50 பெசோ. வாரம் போகக் கையில் நிற்பது 25!

'சும்மா விளையாடிச் சம்பாதித்ததுதானே, போனால் போகட்டும்' என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். சும்மாவா? தினம் இத்தனை மணி நேரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்தது யார்? ஊர் திறந்த பிறகு சவாரி வந்தது, கட்டட வேலை வந்தது. அந்த மணி நேரத்துக்கு மறுபடியும் விலை ஏற்பட்டுவிட்டது. இரவல் பிராணிக்காரர் விட்டுவிட்டுப் போகலாம். கடன் வாங்கிச் சொந்தப் பிராணி வாங்கியவரோ, பிராணி விலையும் சரிந்துவிட்டதால், போட்ட பணம் திரும்பும் என்று அதையே கட்டிக்கொண்டு அழுதார். மானேஜர்களுக்கும் நஷ்டம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் இழந்தது பணத்தை மட்டும்.

2022 பிப்ரவரியில் கம்பெனி விழித்துக்கொண்டது. உற்பத்தியைக் குறைக்க வேண்டுமாம்! யந்திரத்தோடு மோதும் ஆட்டத்துக்கும், அன்றாட வேலைகளை முடிப்பதற்கும் கொடுத்து வந்த மருந்தை நிறுத்தியது. ஆளோடு ஆள் மோதும் பந்தயத்துக்கு மட்டும் மருந்து. பந்தயத்தில் ஜெயிக்கத் தேர்ந்த கையும் விலையுயர்ந்த பிராணியும் வேண்டும். இரண்டும் இல்லாத கடைசி ஆளின் நிச்சய வரவுதான் முதலில் வெட்டப்பட்டது. விலை சில நாள் ஏறியது. மே மாதத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது.