வென்றது வாதமா, பொறுமையா?

கோர்ட்டுப் படம் என்றால் வக்கீல் முழங்க வேண்டும். ரசிகர்கள் கை தட்ட வேண்டும்!

"டார்க் வாட்டர்ஸ்" (2019) என்ற அமெரிக்கப் படம் அப்படி அல்ல. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு விவசாயியின் மாடுகள் செத்து விழுகின்றன. பக்கத்தில் டூபாண்ட் கம்பெனி கழிவு கொட்டும் இடம். வக்கீல் ராப் பிலாட் வழக்குத் தொடுக்கிறார். இது உண்மைக் கதை!

அவரது ஆயுதம் என்ன? கம்பெனியின் பழைய காகிதங்கள்! அவற்றைப் படித்துப் படித்து, குடிதண்ணீரில் ரசாயனம் கலந்ததைக் கண்டுபிடித்தார். சுமார் 69,000 பேர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முடிவுக்கு 7 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2017-ல் 67 கோடி டாலர் தர உடன்பாடு ஏற்பட்டது. அதைப் பார்க்க அந்த விவசாயி உயிரோடு இல்லை.

படம் இரண்டு மணி நேரம். போராட்டமோ 18 ஆண்டுகள்! வக்கீலுக்குக் கை தட்டுவோம். கை நீட்டி ரத்தம் கொடுத்தவர்களுக்கும் அதில் பாதி சேரட்டும்!