மணலில் தொடங்கட்டும் பாடம்

தமிழ்நாட்டில் 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவியர் 96.44 சதவீதம் தேறினர், மாணவர்கள் 92.37. ஆண்டுதோறும் இதே நிலைதான். முடிவு வரும் நாளில் பையன்களைத் திட்டுகிறோம். அவர்கள் பள்ளியில் கால்வைத்த நாளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று, நான்கு வயதில் ஆண் குழந்தைகள் பலருக்குப் பேச்சும் விரல் பிடிமானமும் சற்றுத் தாமதமாகவே கூடிவரும். எல்லாருக்கும் அப்படியல்ல. ஆனாலும் அந்த வயதில் பென்சிலைத் திணித்து, கைகட்டி உட்காரச் சொன்னால், முதலில் ‘வாலு’ என்று பெயர் வாங்குபவன் பையன்தான். அந்தப் பெயர் லேசில் போகாது.

பென்சிலுக்கு முன் மணலில் தொடங்கலாம். கடலோர நகராட்சியான கோட்டக்குப்பத்தில் மணலுக்கா பஞ்சம்? ஈரமணலில் விரலால் ‘ட’ போட்டு, அழித்து, மறுபடி போடும் பிள்ளைக்குச் சிலேட்டுக் குச்சி தானே வசப்படும். அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்கு ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றே பெயர் வைத்த மாநிலம் இது. பெற்றோரோ, ‘இன்னும் எழுத வைக்கலையா?’ என்று பணியாளரை நெருக்குகிறார்கள். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, செயலியில் பதிவது எல்லாமே அவர் தலையில்தான்.

ஒவ்வொரு மையத்துக்கும் வேலியிட்ட மணல்திட்டும் நிழலும் நகராட்சி தர வேண்டும். கடலுக்குப் போய்த் திரும்பும் அப்பாக்கள், மாலையில் கால்மணி நேரம் மகனை மடியில் இருத்திக் கதை சொல்லட்டும். அவன் அழுதால், ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்று அடக்க வேண்டாம்.