சீலிங்குக்கு மேல் போனால் ஆபத்து போய்விடுமா?

"ஒயர் மேலதானே கிடக்குது, யார் கை படப்போகுது? அப்படியே ஏதாச்சும் ஆனாலும் எம்.சி.பி. விழுந்துடும் சார்."

ஃபால்ஸ் சீலிங் வேலை நடக்கும் வீடுகளில் எலெக்ட்ரீஷியன் இதைச் சொல்வார், வீட்டுக்காரரும் தலையாட்டுவார். சொன்ன இரண்டுமே தவறு.

எம்.சி.பி.க்குத் தெரிந்தது இரண்டுதான்: ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட். கம்பியை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஜிப்சம் போர்டின் முதுகில் போட்டுவிட்டுப் போன ஜாயின்ட் தளரும்போது இரண்டும் நடப்பதில்லை. ஒன்றரை டன் ஏசி வழக்கம்போல் சுமார் 8 ஆம்பியர்தான் இழுக்கிறது. தளர்ந்த இடத்தில் அரை ஓம் மின்தடை என்று வையுங்கள்: 8 × 8 × 0.5, அதாவது 32 வாட் வெப்பம். டிவி ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிட அதிக வெப்பம் கக்கும் ஒன்றை மூடிய சீலிங்குக்குள் இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்குகிறோம். 20 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு ஏன் விழப்போகிறது? சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அந்த இடைவெளி ஏற்கெனவே கொதிக்கிறது; டேப்பின் பசை இளகிக் கழன்றுகொள்ளும்.

எஃப்.ஆர். ஒயர் என்றால் தீயே பிடிக்காது என்பது இன்னொரு கதை. தீ பரவுவதை அது மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். மோசமான ஜாயின்ட் சூடாவதை எந்த ஒயராலும் தடுக்க முடியாது.

கை படாது, சரி. எலியின் பல்? முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது கொறித்துத்தான் ஆகவேண்டும். உறை போன ஃபேஸ் கம்பி, சீலிங்கைத் தாங்கும் ஜி.ஐ. சேனலைத் தொட்டால் சட்டகம் முழுக்க கரண்ட். சட்டகத்துக்கு எர்த் இல்லையென்றால் எம்.சி.பி. அசையாது, லைட் மாற்ற ஏணியில் ஏறுபவரின் விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். அவரைக் காப்பாற்றக்கூடியது, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. அதையும் 'சும்மா சும்மா விழுது' என்று பைபாஸ் செய்து வைத்திருக்கிற புண்ணியவான்கள் உண்டு.

ஒயர் முழுக்க பைப்புக்குள் போகட்டும். சீலிங்குக்குள் ஜாயின்டே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் கனெக்டர் போட்டு, ஜங்ஷன் பாக்ஸில் அடைத்து, திறந்து பார்க்க ஒரு கதவு விடச் சொல்லுங்கள். போர்டு அடிக்கும் முன் நீங்களே ஏணியில் ஏறிப் பாருங்கள். டேப் சுற்றிய முடிச்சு ஒன்று கண்ணில் பட்டாலும் மூட விடாதீர்கள்.