கீசருக்கு முன் எர்த்



பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு இன்ஸ்டன்ட் கீசர் இரண்டே வருடத்தில் மக்கர் செய்தது. கழற்றிப் பார்த்தால் காயில் முழுக்க முட்டை ஓடு போல வெள்ளைப் படிவு. எல்லாம் போர் தண்ணீரின் உப்பு. வருடம் ஒருமுறை சுத்தம் செய்திருந்தால் காயில் பிழைத்திருக்கும். கோவளத்தில் என் மகள் வீட்டிலோ உப்புக் காற்று ஒயர் முனைகளையே அரிக்கிறது.

அதைவிடப் பெரிய கவலை வேறு. 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அதைப் பழைய வீடுகளில் 6 ஆம்பியர் பிளக்கில், எர்த் இல்லாமல் மாட்டுகிறார்கள். ஈரக் கையோடு பிள்ளைகள் தொடும் இடமல்லவா? கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கீசர் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

– ஒரு நெசவாளர், காஞ்சிபுரம்