பத்து நிமிட நடையில் ஒரு வீடு

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சின்ன வீடு. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, துணி உலர்த்த ஒரு பால்கனி. சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைகிற எத்தனையோ பேர் கேட்பது இவ்வளவுதான். மருத்துவமனை நர்ஸ், துணிக்கடை விற்பனையாளர், தனியார் பள்ளி ஆசிரியை, புதிதாகக் கல்யாணமான ஜோடி, பென்ஷனை நம்பி வாழும் பெரியவர் என்று பல தரப்பட்டவர்கள் இவர்கள். நீச்சல் குளமோ ஜிம்மோ யாரும் கேட்கவில்லை. இருந்தும் அந்தச் சின்ன வீடு இன்று கிடைப்பதில்லை, கிடைத்தால் கட்டுப்படியாவதில்லை.

மேற்கு மாம்பலம் போன்ற ஒரு வட்டாரம் என்ன தருகிறது என்பது அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். விடிந்ததும் தெருமுனையில் ஆவின் பால். ஏழு மணிக்குக் கீரைக்கட்டு ஏற்றிய தள்ளுவண்டி வாசலுக்கே வந்துவிடும். சமைக்க முடியாத நாளில் இட்லிக்கு மெஸ் இருக்கிறது. மருந்துக்கடை, இஸ்திரி வண்டி, தையற்கடை, கோயில் எல்லாம் கூப்பிடு தூரம். ரயிலைப் பிடித்தால் ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் தாம்பரம். நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போகலாம். மாலை ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு இறங்கும் பெண், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள தெரு வழியே பயமில்லாமல் வீடு திரும்பலாம். அதற்கு ஈடான பாதுகாப்பை, மதில் சுவரும் காவலாளியும் வைத்த புறநகர் குடியிருப்பு தந்துவிட முடியாது. ஏனென்றால் அந்த மதில் வரை அவள் வந்து சேரும் இருட்டுச் சாலைக்குக் காவலாளி கிடையாது.

இனி வீட்டு வேட்டையைப் பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். தரகருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை முன்கூட்டியே. பால் காய்ச்சும் முன்பே 1,80,000 ரூபாய் கையை விட்டுப் போய்விடுகிறது. மாதம் 30,000 சம்பளம் வாங்குகிறவருக்கு இது அரை வருட வருமானம். குடிபோன பிறகு மின்சாரக் கணக்கு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அரசின் சலுகை. துணை மீட்டர் பொருத்திய பல வீடுகளில் அந்தச் சலுகை குடித்தனக்காரரை எட்டுவதில்லை. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்லும் கணக்கைத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

பணம் இருந்தாலும் வீடு உறுதியில்லை. "எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்று இருவருக்குமே தெரியும். அசைவம் சாப்பிடுவீர்களா, பேச்சிலரா, கணவர் கூட இருக்கிறாரா என்று கேள்விகள் நீள்கின்றன. பெயரைச் சொன்னதுமே "வீடு கொடுத்தாச்சே" என்று பதில் வருகிற அவமானத்தை முஸ்லிம் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் இந்த நகரத்தில் இன்னமும் அனுபவிக்கின்றன. கணவரைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண்ணுக்கும் அதே கதவடைப்புதான். வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாரா என்பவை நியாயமான கேள்விகள். மேலே சொன்ன கேள்விகள் அநியாயமானவை.

சின்ன வீடுகள் எங்கே போயின? மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும் பச்சை வலை போர்த்திய ஒரு கட்டடமாவது கண்ணில் படும். முன்பு அங்கே லிஃப்ட் இல்லாத இரண்டு மாடிக் கட்டடம் இருந்திருக்கும். தளத்துக்கு நாலு வீடு, ஒவ்வொன்றும் நானூறு ஐந்நூறு சதுர அடி. அல்லது ஒரு பழைய தனி வீடு இருந்திருக்கும்: முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் ஒரு குடித்தனம், மாடிப் போர்ஷனில் இன்னொன்று. இப்போது எழும் கட்டடத்தில் தரைத்தளம் முழுக்கக் கார்களுக்கு. மேலே தளத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய ஃப்ளாட். மனை விலை ஏறிய வேகத்தில், நிலத்துக்காரரும் புரமோட்டரும் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு சின்ன வீடு கட்டினால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அவர்கள் கணக்கில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பன்னிரண்டு குடும்பங்கள் வாழ்ந்த மனையில் இன்று ஆறு குடும்பங்கள் வாழ்கின்றன. போன ஆறும் வாடகைக் குடும்பங்கள்.

2022-ல் கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்கிறது. இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடங்களுக்கு இந்த ஏற்பாடு தேவைதான். ஆனால் சம்மதம் கேட்கப்படுவது உரிமையாளர்களிடம் மட்டும். இருபது வருடம் அங்கே குடியிருந்து, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் படிக்க வைத்த குடித்தனக்காரருக்கு, காலி செய்யச் சொல்லும் ஒரு போன் அழைப்பு வருகிறது. அவ்வளவுதான்.

அவர் எங்கே போவார்? கூடுவாஞ்சேரிக்கோ திருநின்றவூருக்கோ போவார். வாடகை குறையும், உண்மை. வேலைக்குப் போய்வரத் தினமும் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 25 நாளில் 75 மணி நேரம். கூட்ட ரயிலில் நின்றபடி கழியும் அந்த நேரம், பிள்ளையோடு உட்கார்ந்து பாடம் சொல்லித் தரவேண்டிய நேரம். இன்னும் கடுமையான பாடம் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அரசு அங்கே வீடு கொடுத்தது. கான்கிரீட் கூரை கிடைத்தது. நடந்து போய் வேலை பார்த்த வீடுகளையும் பூ விற்ற தெருவையும் பெண்கள் இழந்தார்கள். பிழைப்பிலிருந்து பிரித்துத் தரும் வீடு பாதி வீடுதான்.

1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் திரும்பி வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அந்தச் சட்டத்தின் கீழ், குடிவந்தவர் காலி செய்யமாட்டார் என்று பயந்தே வீட்டைப் பூட்டி வைத்தவர்கள் பலர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1.11 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யச் சொல்கிறது. இருதரப்புக்கும் இது நல்லது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று அதே சட்டம் இடம் விட்டிருக்கிறது. வீடு தேவைப்படுகிறவர் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடுவார். அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய வேலை அரசு தானே வாடகை வீடு கட்டுவது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்துக்கு இது புதிதல்ல. கே.கே.நகரையும் அண்ணா நகரையும் உருவாக்கிய வாரியம் அது. பட்டினப்பாக்கத்திலும், ராயப்பேட்டை லாயிட்ஸ் காலனியிலும், சைதாப்பேட்டை டாட்ஹண்டர் நகரிலும் அரசு ஊழியர்கள் அளவான வாடகையில் வாழ்ந்தார்கள். நகரின் நடுவில், பஸ்ஸும் மார்க்கெட்டும் பள்ளியும் பக்கத்தில் இருக்க வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட அரசு நிலங்களில் இனி எழும் கட்டடங்கள் விற்பனைக்கான பெரிய ஃப்ளாட்டுகளாக மாறிவிடக் கூடாது. நானூறு சதுர அடி வாடகை வீடுகள் அங்கே வேண்டும். அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கும் வேண்டும்.

சிங்கப்பூர் போய்வந்த நம்மவர்கள் தேக்காவைப் பார்த்திருப்பார்கள். கறிவேப்பிலையும் மீனும் விற்கும் அந்தச் சந்தையை ஒட்டியே அரசு கட்டிய அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1960-ல் தொடங்கிய அந்த நாட்டு வீட்டுவசதிக் கழகத்தின் வீடுகளில்தான் அங்குள்ள மக்களில் நாலில் மூன்று பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையில் விலைக்கு வாங்கிய வீடுகள். நாம் வாடகையைப் பற்றிப் பேசுகிறோம், முறை வேறு. ஆனால் சந்தைக்கும் ரயிலுக்கும் பக்கத்திலுள்ள விலை மதிப்புள்ள நிலத்தில் சாதாரணக் குடும்பத்தைக் குடிவைக்க முடியும் என்பதை அந்த நாடு செய்து காட்டியிருக்கிறது.

நமக்கும் அந்த வாய்ப்பு கண் முன்னால் இருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். பனகல் பூங்காவிலும் திருமயிலையிலும் நிலையங்கள் வருகின்றன. மக்கள் பணத்தில் வரும் அந்த ரயிலால் சுற்றுவட்டார நிலத்தின் விலை ஏறுகிறது, கூடவே வாடகையும் ஏறுகிறது. இப்படியே விட்டால், ரயிலை அதிகம் பயன்படுத்தக்கூடியவர்களே நிலையத்தின் அருகிலிருந்து விரட்டப்படுவார்கள். மெட்ரோ நிலையங்களை ஒட்டிக் கூடுதல் மாடிகளுக்கு அனுமதி கேட்கிற நிறுவனங்கள், பதிலுக்குக் குறிப்பிட்ட பங்கைச் சின்ன வாடகை வீடுகளாகக் கட்டித் தர வேண்டும் என்று விதி செய்யலாம். அந்த வீடுகளுக்குக் கார் நிறுத்துமிடக் கட்டாயத்தைத் தளர்த்தலாம். நடைபாதையை மறித்து நிற்கும் மின்பெட்டிகளையும் வண்டிகளையும் அகற்றினால், கார் இல்லாத வாழ்க்கை இன்னும் எளிதாகும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்து வருகிறது. நடுத்தர, எளிய குடும்பங்களுக்கான வாடகை வீடுகள் நகரின் எந்தெந்த வட்டாரத்தில், எத்தனை, எந்த ஆண்டுக்குள் என்று அந்தத் திட்டத்தில் எண்ணிக்கையோடு எழுத வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டு உரிமையாளர்களான நம் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாடிப் போர்ஷன் காலியாக இருந்தால், மூன்று மாத முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, சாதியும் மதமும் கேட்காமல் வாடகைக்கு விடுங்கள்.